கூரையிலிருந்து எண்பத்தொன்பது அங்குலம்

2023 செப்டம்பர் 4, திங்கட்கிழமை, காலை பத்து இருபது. வானம் மூட்டம். தூறல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. புதிதாகப் போட்ட கான்கிரீட் கூரையில், இன்னும் உடைக்காத பழைய சமையல் மேடைக்கு நேர் மேலே ஒரு துளை போட்டு, மரக்கட்டை செருகி, அதில் ஒரு பித்தளை ஆணியை அடித்தேன். ஆணியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடி அடங்கும்வரை காத்திருந்து அளந்தேன். ஆணியிலிருந்து மேடைப் பலகைக்கு எண்பத்தொன்பது அங்குலம். மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் எண்பத்தொன்பதுதான். சுவரில் பென்சிலால் எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

அந்த மேடையில் என் மனைவி நாற்பத்திரண்டு வருடம் சமைத்தாள். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே மேடை உயரம், கை வலிக்கிறது என்றாள். அவள் நாலடி பத்து அங்குலம். சுவரோரமாக நிற்கவைத்து, முழங்கைக்கு ஆறு விரல் கீழே கரியால் கோடு கிழித்து, கல்பலகையை அந்தக் கோட்டுக்கு இறக்கிப் போட்டேன். "பொண்ணு பாக்க வந்தப்போகூட நீங்க என்னை இப்பிடிப் பாக்கல" என்றாள். அன்றிலிருந்து அந்தப் பலகை நகர்ந்ததில்லை. தங்கச் சுரங்கத்தின் அடியில் ஏர் பிளாஸ்ட் வந்து, பாறை வெடித்து, தொழிலாளர்களின் லைன் வீடுகளெல்லாம் குலுங்கி, அலமாரியிலிருந்து டம்ளர்கள் உருண்ட ராத்திரிகளிலும் அது அசைந்ததில்லை.

2019-இல் மகளின் பிரசவத்துக்கு பெங்களூர் போனாள். மூன்று மாதம் என்று சொல்லித்தான் போனாள். பேரன் குப்புற விழுந்தான், தவழ்ந்தான், நடந்தான், எல்.கே.ஜி. சேர்ந்தான். பொங்கலுக்கு வருவாள். தகரக் கூரை ஒழுகும் இடங்களில் பாத்திரம் வைப்பாள், முட்டியைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி வெளியே இருக்கும் கழிவறைக்குப் போவாள், நான்காம் நாள் மகளின் காரில் ஏறிவிடுவாள். ஒரு பொங்கலுக்கு மகள் என்னைத் தனியே கூப்பிட்டு, "இந்த வீட்ல அம்மாவால இருக்க முடியாதுப்பா" என்றாள்.

நீங்களும் வந்துவிடுங்கள் என்று கூப்பிடாமல் இல்லை. போனேன். எட்டாவது மாடி. பதினோரு நாள் இருந்தேன். முப்பத்தோரு வருடம் சுரங்கத்தின் கேஜ் கூண்டில் கீழே இறங்கி வேலை பார்த்து மேலே வந்து தூங்கியவனுக்கு, லிஃப்டில் மேலே போய்த் தூங்குவது முடியவில்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரம், பக்கத்து ஃப்ளாட் கதவு சாத்தும் சத்தம், பால்கனிக் கம்பிகளின் இடைவெளி எல்லாவற்றையும் பற்றிக் கவலைப்பட்டேன். கம்பிகளின் இடைவெளி நாலரை அங்குலம்; பேரனின் தலை போகுமா போகாதா என்று இரண்டு தடவை டேப் வைத்துப் பார்த்ததில் மாப்பிள்ளைக்கு வருத்தம். பன்னிரண்டாம் நாள் காலை ரயிலேறித் திரும்பிவிட்டேன்.

மகள் சொன்ன வாக்கியம் மட்டும் என்னோடு ஊர் வந்தது. அதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்: முடியாதது இந்த வீட்டில்தான், வீட்டை மாற்றிவிட்டால் அவளால் இருக்க முடியும். மாரிக்குப்பத்தில் ரயிலை விட்டு இறங்கும்போதே மனக்கணக்கில் கூரை, கழிவறை, சமையலறை என்று பிரித்துவிட்டேன். வங்கியில் கிடந்த பணம் அவளும் நானுமாகச் சேர்த்தது. அவளைத் திரும்ப அழைத்துவர அதைச் செலவழிப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. வருவாளா என்பதுதான் தெரியவில்லை. அதை அவளிடம் கேட்கவும் இல்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் எதை வைத்து வீடு கட்டுவது?

மேஸ்திரி பூதிகோட்டைக்காரர். ஐம்பது வயதிருக்கும். தமிழ் பேசுவார், கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவார். முதல் நாளே என்னோடு சண்டை. படுக்கையறையில் கட்டிலுக்கு மேலே சாமான் போட லாஃப்ட் வைக்கலாம் என்றார். கூடாது என்றேன்.

"எல்லா வூட்லயும் கேட்டு வாங்கிக்கிறாங்க சார். நீங்க இன்னா வேணாம்றீங்க?"

"தலைக்கு மேல சாமான் வெச்சுக்கினு இந்த ஊர்ல யாரும் தூங்க மாட்டாங்க. ஏர் பிளாஸ்ட் வந்தா நேரா மூஞ்சில வுழும்."

"மைன்ஸ மூடி இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு. இனிமே இன்னா சார் ஆடப்போவுது?"

"உள்ள தண்ணி ரொம்பிக்கீது. பாறை உனக்குச் சொல்லிட்டா வெடிக்கும்?"

அவர் சித்தாளைப் பார்த்துச் சிரித்தார். லாஃப்ட் வைக்கவில்லை.

மற்றபடி நல்ல வேலைக்காரர் என்றுதான் சொல்ல வேண்டும். நானும் சும்மா இருக்கவில்லை. சன்னல் அடிக்கட்டைக் கல் வெளிப்பக்கமாகக் கால் அங்குலம் சரிய வேண்டும், கல்லின் அடியில் ஒரு காடிப் பள்ளம் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் கல்லோடு ஒட்டிக்கொண்டே வந்து சுவரை ஊறவைக்கும் என்றேன். வெட்டினார்கள். கூடம், சமையலறை, புதிதாக உள்ளேயே கட்டிய கழிவறை மூன்றுக்கும் நடுவில் வாசற்படி கூடாது, அவள் முட்டியை மடக்காமல் நடக்க வேண்டும் என்றேன். குளிக்கும் இடத்தின் தண்ணீர் கூடத்துக்கு வராமலிருக்க, தரைக்குள்ளேயே தெரியாத சரிவு ஒன்று வைத்தார்கள். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, அது வடிகால் வாய்க்குப் போகிறதா என்று நான் பார்ப்பேன். போகும். மறுபடியும் ஊற்றுவேன். "சொம்பு தேஞ்சிடும் சார்" என்பார் டைல்ஸ் போடுகிறவர்.

டைல்ஸ் இடைவெளிகள் கூடத்திலிருந்து ஒரே கோடாக ஓடிச் சமையலறைச் சுவரில் ஏற வேண்டும் என்பதற்காக, அவர்கள் ஒட்டிய முதல் வரிசையைக் காய்வதற்குள் பிடுங்கவைத்தேன். மேஸ்திரி தெலுங்குக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டு அம்மாள் வேலி மேல் துணி உலர்த்திக்கொண்டே கேட்டாள்: "இன்னாண்ணா, மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கப் போறீங்களா? தெனம் ஒரு ரகளையா கீது?"

"அதே பொண்டாட்டிதாம்மா" என்றேன்.

"அப்போ அக்கா வந்துடுவாங்களா?"

"வீடு முடியட்டும்" என்றேன். இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் அதுதான் என் பதில்.

இப்போது தரையின் விஷயம். தெருவுக்குக் கான்கிரீட் போட்டபிறகு தெரு எங்கள் வாசலைவிட உயர்ந்துவிட்டது. பெரிய மழை வந்தால் தண்ணீர் உள்ளே வரும். அதனால் பழைய சிவப்புக் காவித் தரையைக் கொத்தி, ஜல்லி கொட்டி, மேலே டைல்ஸ் போட்டு, எல்லாமாக ஐந்து அங்குலம் உயர்த்துவது என்று முடிவாயிற்று. எனக்குத் தெரிந்துதான் செய்தார்கள். ஜல்லி வந்த டிராக்டரை எண்ணியவன் நான்தான். பழைய மேடையை இடித்ததும், காவித் தரை சிவப்புப் பொடியாக வெளியே போனதும் என் கண் முன்னால்தான்.

ஆனால் தரையை நான் ஒரு கணக்காக எடுத்துக்கொண்டதேயில்லை. நான் சுரங்கத்தின் சர்வே ஆபீசில் வேலை பார்த்தவன். பூமிக்கு அடியில் தரையை யாரும் நம்பமாட்டார்கள். தரையில் தள்ளுவண்டி ஓடும், பாறைத்தூள் குவியும், கீழேயிருந்து அழுத்தம் வந்து தரை புடைத்துக்கொள்ளும். இன்று அடித்த குறியை நாளை ஒரு வண்டிச் சக்கரம் பெயர்த்துவிடும். அதனால் எங்கள் குறிகளெல்லாம் தலைக்கு மேலே, கூரைப் பாறையில்தான் இருக்கும். துளை, மரக்கட்டை, பித்தளை ஆணி. அதிலிருந்து தூக்குக்குண்டு. மேலேயிருந்து கீழே அளப்பதுதான் அளவு. நான் சேர்ந்த முதல் மாதத்தில் தரையிலிருந்து ஓர் உயரம் எழுதிவிட்டு, பத்துப் பேர் முன்னால் திட்டு வாங்கினேன். அதன்பிறகு கீழேயிருந்து எதையும் அளந்ததில்லை. வீட்டில் காலண்டர் மாட்ட வேண்டுமென்றாலும் மேலேயிருந்துதான் அளப்பேன்.

மேடைக்குச் சுவர் எழுப்பும் நாளில் மேஸ்திரி நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, "சார், ரொம்பக் கீழ வர்ற மாரி கீதே?" என்றார்.

"எண்பத்தொன்பது வருதா?"

"வருது."

"அப்போ போடு. ரூஃப்ல இருந்து அளந்துகீறேன். தப்பு வராது."

"அம்மா ரொம்பக் குள்ளமோ?"

"குள்ளம்தான். உனக்கு இன்னா?"

"எனக்கு இன்னா சார். நானா சமைக்கப்போறேன்?" என்று சொல்லிவிட்டுச் செங்கலை எடுத்தார்.

கருப்பு கிரானைட். நானே போய்த் தேர்ந்தெடுத்தது. முன் ஓரத்தை அரைவட்டமாக இழைத்து மெருகு போட்டு வாங்கினேன், அவள் வயிறு அந்த ஓரத்தில் சாய்ந்துதான் நிற்கும் என்பதால். பழைய கல்லின் ஓரம் கூர்மை. அவளுடைய புடவைகளெல்லாம் அந்த இடத்தில்தான் முதலில் நைந்துபோகும். கிரானைட்டை வைத்து, காய்ந்ததும் ஆணியிலிருந்து குண்டை இறக்கினேன். எண்பத்தொன்பது. ஒரு நூலிழைகூட வித்தியாசமில்லை. அவள் எங்கே விட்டுப்போனாளோ அதே இடத்தில் பலகை நின்றது. அன்று சாயங்காலம் வேலையாட்கள் போனபிறகு அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். குனிந்து நிற்கிறோம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. வயதானவன், எப்போதும் கொஞ்சம் குனிந்துதான் நிற்கிறேன்.

அந்த நாட்களில் எனக்கு வேண்டியிருந்தது அவள் சமையல் அல்ல. நான் ஓரளவு சமைப்பேன். அவள் கரண்டியைக் குழம்பில் துழாவிவிட்டு, சட்டி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அந்தச் சத்தம். சாயங்காலம் நான் ஏதோ முணுமுணுப்பதைப் பார்த்து, "எண்ணி முடிச்சீங்களா? எல்லாம் சரியா கீதா?" என்று கேட்பாள். அந்தக் கேள்வி. நான்கு வருடத்துக்கு மேலாக எண்ணிக்கொண்டேதான் இருந்தேன். முடித்தீர்களா என்று கேட்க ஆளில்லை.

மாசி மாதத்து ஒரு ஞாயிறு பால் காய்ச்சினோம். காற்று பலமாக அடித்தது. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத்தூள் கிளம்பிப் புது டைல்ஸெல்லாம் மாவு தூவியதுபோலாயிற்று. விடிந்ததிலிருந்து மூன்று முறை துடைத்தேன். மகள், மாப்பிள்ளை, பேரன், அவள், நான்கு பேரும் காரில் வந்து இறங்கினார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை உள்ளே வைத்தாள். கூடத்தில் நடந்தாள். கழிவறைக் கதவைத் திறந்து பார்த்தாள். படியைத் தேடிக் காலைத் தூக்கி, படி இல்லை என்று தெரிந்ததும் தூக்கிய காலை மெதுவாக வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

பால் பொங்கியது. அக்கம்பக்கத்தார் வந்தார்கள், இனிப்பு சாப்பிட்டார்கள், கூரையை அண்ணாந்து பார்த்தார்கள், போனார்கள். மத்தியானத்துக்கு அவளே சமைக்கிறேன் என்று முந்தானையைச் செருகிக்கொண்டாள். கத்தரிக்காயை நறுக்க ஆரம்பித்தாள். நான் வாசற்கால் ஓரம் நின்று பார்த்தேன். ஒரு கத்தரிக்காய் முடிந்ததும் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தாள். மறுபடி குனிந்தாள். இரண்டாவது முடிவதற்குள் மறுபடி நிமிர்ந்தாள். வலியை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கை கழுவுவதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

டேப்பை எடுத்து வந்தேன். முதல் தடவையாகத் தரையிலிருந்து மேலே அளந்தேன். இருபத்தாறு. முப்பத்தொன்று இருக்க வேண்டியது. ஐந்து அங்குலம் எங்கே போயிற்று என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தேன். மேடை இருந்த இடத்தில்தான் இருந்தது. தரைதான் ஏறி வந்துவிட்டது.

"நாளைக்கே ஒடச்சிடறேன்" என்றேன். "கல்லை எடுத்துட்டு ரெண்டு வரிசை செங்கல் வெச்சா போதும். மேஸ்திரிக்கு இப்பவே ஃபோன் பண்றேன்."

மகள் கூடத்திலிருந்து வந்தாள். "எதுக்குப்பா இதுக்குப் போய் டென்ஷன் ஆவறீங்க? இங்க யாரு சமைக்கப் போறாங்க? நீங்க ஒருத்தர்தானே. உங்களுக்கு இதுவே போதும்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாள். ஆனால் ஆறு மாதமாக நான் யாரிடமும் கேட்காமல் வைத்திருந்த கேள்விக்கு அதுதான் பதில் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டேப்பின் நாக்கை விட்டேன். அது சர்ரென்று உள்ளே ஓடி, பெட்டியில் முட்டி நின்றது.

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள்: "ஏன், நான் செத்தா பூட்டேன்?"

"அம்மா, நான் அத்த சொல்லல..."

"நீ எத்தச் சொன்னியோ. உன் வூட்ல மேடை என் மாரு உசரம் கீது. பலவ ஒண்ணைப் போட்டு அதும்மேல ஏறி நின்னு அஞ்சு வருஷமா ரசம் வெக்கிறேன். கால் வீங்கினா நீயா பாத்த? இத்தப் பாத்தவுடனே மட்டும் சட்டம் பேச வந்துட்டா." அப்புறம் என்னிடம் திரும்பினாள். "நீங்க எத்தையும் ஒடைக்க வேணாம். இனிமே எனக்கு எங்க நிக்க முடியுது? ஒரு ஸ்டூல் வாங்கியாந்து போடுங்க. குந்திக்கினு செய்யறேன்."

"அலமாரி?" என்றேன். மேடைக்கு அடியில் கதவு வைத்து அலமாரி அடிக்க ஆசாரிக்குச் சொல்லியிருந்தேன்.

"கால எங்க வுடுறது? அலமாரியும் வேணாம்."

சாப்பிட்டதும் ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவுக்குப் போனேன். மேடை இருபத்தாறு, அதன் மேல் அடுப்பு ஐந்து, உட்கார்ந்தால் அவள் முழங்கை வரும் இடம், எல்லாவற்றையும் வழியெல்லாம் போட்டுப் பார்த்ததில் ஸ்டூல் பதினாறு இருக்க வேண்டும் என்று வந்தது. தரையிலிருந்து. கடையில் இருந்ததெல்லாம் பதினெட்டு. இரும்புக் கால், மரப் பலகை. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்தேன்.

"சார், எதுல குந்தினாலும் ஒரே ஒசரந்தான்" என்றார் கடைக்காரர். "யாருக்கு சார், பசங்களுக்கா?"

"வீட்டுக்காரம்மாவுக்கு."

"அப்போ கூட்டியாந்து குந்த வெச்சுப் பாருங்க. பின்னால திட்டு வாங்காதீங்க."

கூட்டிக்கொண்டு வர நேரமில்லை. நான்கு மணிக்கு மகள் கிளம்புவதாகச் சொல்லியிருந்தாள். அடுத்த தெருவில் வெல்டிங் பட்டறையில் நான்கு காலிலும் இரண்டிரண்டு அங்குலம் அறுக்கச் சொல்லி, ரப்பர் குமிழ் மாட்டி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அறுத்த இரும்புக் கால்கள் இன்னும் சுட்டன.

வாசலில் கார் இல்லை. கதவு திறந்திருந்தது. சமையலறையில் அவள் சன்னலோரம் நின்று, வெளிச்சத்தில் கிரானைட் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"பையனுக்கு நாளைக்கு ஸ்கூலு, போவட்டும்னு அனுப்பிட்டேன்" என்றாள். "புதன்கிழமை காலைல ரயிலுக்கு என்னை ஏத்தி வுடுங்க."

ஸ்டூலைப் போட்டேன். உட்கார்ந்தாள். காலை மேடைக்கு அடியில் நீட்டினாள். முழங்கையைப் பலகையில் வைத்துப் பார்த்தாள். காபிக்குத் தண்ணீர் வைத்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே சன்னல் வழியாகத் தெருவும், தெருவுக்கு அப்பால் சயனைடு மேடும் தெரிந்தன. தரை ஏறியதில் சன்னலும் ஐந்து அங்குலம் கீழே வந்துவிட்டிருந்தது. கரண்டியால் கலக்கி, பாத்திர விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

புதன்கிழமை ரயிலேற்றினேன். இப்போது மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறாள். வெள்ளி இரவு வந்தால் செவ்வாய் காலை வரை. பேரன் பெரியவனானால் கூடுதலாக இருக்கலாம் என்கிறாள். அவனுக்கு இப்போதுதான் ஐந்து. நானும் முன்போல் எத்தனை நாள் என்று கேட்பதில்லை. அவள் போனதும் ஸ்டூலைத் துடைத்து, மேடைக்கு அடியில் தள்ளி வைக்கிறேன். நான் அதில் உட்காருவதில்லை. நின்றுகொண்டே, குனிந்துதான் சமைக்கிறேன். இடுப்பு வலிக்கிறது. பித்தளை ஆணியைப் பிடுங்கிவிடுங்கள், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று மகள் சொன்னாள். பிடுங்கவில்லை.

வீட்டுக்கு ஆனது பதினொரு லட்சத்து நாற்பத்தாறாயிரத்து இருநூற்றுப் பத்து ரூபாய். ஸ்டூல் அறுநூற்றைம்பது, பேரம் பேசவில்லை. கால் அறுக்க நாற்பது. மொத்தம் பதினொரு லட்சத்து நாற்பத்தாறாயிரத்துத் தொள்ளாயிரம்.